கைச்செலவுப் பணம்: பிள்ளைக்கு வரவு செலவும் சேமிப்பும் பழக்குவது எப்படி

பாக்கெட் மணி கொடுக்கத் தொடங்கும் பல வீடுகளில் அந்தப் பழக்கம் ஓரிரு மாதத்தில் தானாகவே நின்றுபோகிறது. ஒரு வாரம் மறந்துவிடுகிறது. அடுத்த வாரம் சில்லறை இல்லை. அதற்கடுத்த வாரம், பிள்ளை அடம்பிடித்ததற்குத் தண்டனையாகப் பணம் நிறுத்தப்படுகிறது. நடுவில், கேட்டதையெல்லாம் பெற்றோர் தனியாக வாங்கியும் கொடுத்துவிடுகிறார்கள். இப்படி நடந்தால் பிள்ளைக்குப் புரிவது ஒன்றுதான்: பணம் வருவதும் வராததும் பெரியவர்கள் மனம்போனபடி; எனவே கைக்கு வந்ததும் செலவழித்துவிட வேண்டும். தொகை சிறியதாக இருந்தால் போதும். சொன்ன நாளில் வர வேண்டும். என்ன செய்வது என்ற முடிவு பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்குப் பிறகுதான்.

எப்போது தொடங்கலாம்

வயதைவிட அறிகுறிகளைப் பார்ப்பது நல்லது. பிள்ளைக்கு 20 வரை தடுமாறாமல் எண்ணவும், சிறு கூட்டல் கழித்தல் செய்யவும் தெரிய வேண்டும். கடையில் ஒரு பொருளைக் காட்டி "இது எவ்வளவு?" என்று கேட்கத் தொடங்கியிருக்க வேண்டும். நாணயத்தை வாயில் போடும் வயது தாண்டியிருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் 5 முதல் 7 வயதுக்குள் இந்த நிலைக்கு வந்துவிடுவார்கள்.

எளிய சோதனை ஒன்று உண்டு. ஒருபுறம் மதிப்பு 1 உள்ள நாணயங்கள் ஐந்தும், மறுபுறம் மதிப்பு 10 உள்ள நாணயம் ஒன்றும் வைத்து, எதில் பணம் அதிகம் என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் ஐந்து நாணயங்கள் இருக்கும் பக்கத்தைக் காட்டுவது வழக்கம். அது மந்தம் அல்ல. எண்ணிக்கையையும் மதிப்பையும் பிரித்துப் பார்க்க அந்த வயதில் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் சில வாரங்கள் கடை விளையாட்டு விளையாடுங்கள். ஒரு பெரிய நாணயத்துக்கு எத்தனை சிறியவை ஈடு என்று மாற்றி மாற்றிக் கொடுத்து வாங்கினாலே பிடிபட்டுவிடும். 10 அல்லது 12 வயதில் தொடங்குகிறீர்கள் என்றாலும் தாமதம் என்று எண்ண வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கு ஆரம்பக் கட்டங்கள் வேகமாகக் கடந்துவிடும்.

எவ்வளவு கொடுப்பது

பக்கத்து வீட்டில் எவ்வளவு தருகிறார்கள் என்று விசாரிப்பதில் பயனில்லை. அந்தப் பணத்தில் அவர்கள் பிள்ளை எதையெல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது நமக்குத் தெரியாது. முதலில் இரண்டு வாரம், பிள்ளைக்காக நீங்கள் செய்யும் சில்லறைச் செலவுகளை ஒரு தாளில் குறித்துவையுங்கள்: மிட்டாய், ஸ்டிக்கர், சின்னப் பொம்மை, கேட்டதற்காக வாங்கிக் கொடுத்தவை. பிறகு தாளை இரண்டாகப் பிரியுங்கள். உணவு, பள்ளிக்குத் தேவையானவை, மருந்து, துணிமணி ஆகியவை பெற்றோர் பொறுப்பு. இல்லாவிட்டாலும் நாள் நகரும் என்பவை பிள்ளையின் பொறுப்பு. இரண்டாம் பட்டியலின் ஒரு வாரச் சராசரிதான் உங்கள் தொடக்கத் தொகை. இந்தப் பணம் ஏற்கெனவே உங்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருப்பதுதான். இனி அது பிள்ளையின் கை வழியாகப் போகும்.

தொகை சரிதானா என்று பார்க்க ஓர் உரைகல்: பிள்ளை ஆசைப்படும் ஒரு சின்னப் பொருளை, வாரப் பணத்தில் பாதிக்கும் குறைவாகச் சேர்த்து, மூன்று நான்கு வாரத்தில் வாங்க முடிய வேண்டும். ஒரே வாரத்தில் முடிந்தால் தொகை அதிகம். எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையே வராது. மூன்று மாதம் ஆகும் என்றால் தொகை குறைவு. பிள்ளை முயற்சியைக் கைவிட்டுவிடும்.

பட்டியலைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். "இது யார் செலவு?" என்ற வாக்குவாதத்தைக் கடை வாசலில் நடத்தாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கொடுக்கும் விதம்

வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரம், பிள்ளை கேட்காமலே. சிறு பிள்ளைக்கு மாதம் ஒருமுறை என்பது எட்டாத தூரம். கடைக்குப் போகும் வழக்கமான நாளுக்கு ஓரிரு நாள் முன்னதாகக் கொடுங்கள். யோசிக்க அந்த இடைவெளி வேண்டும். கடைக்குக் கிளம்பும்போது கொடுத்தால் அது அன்றே தீர்ந்துவிடும்.

எப்போதும் சில்லறையாகக் கொடுங்கள். வாரத்துக்கு 100 என்று வைத்துக்கொண்டால், ஒரே தாளாக இல்லாமல் பத்துப் பத்தாகப் பத்து. பிரித்துப் போடுவதற்குச் சில்லறை வேண்டும். நான்கு வாரத்துக்கான சில்லறையை முன்கூட்டியே நான்கு உறைகளில் போட்டுவைத்தால் "இன்று சில்லறை இல்லை" என்ற பேச்சே எழாது.

சொன்ன நாளில் கொடுப்பதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிலெஸ்ட் கிட் குழுவினர் 28 சிறு பிள்ளைகளை இரு பிரிவாக்கினார்கள். படம் வரைய நல்ல பொருட்கள் கொண்டுவருவதாக எல்லோருக்கும் சொல்லப்பட்டது. ஒரு பிரிவுக்குச் சொன்னபடி வந்தது, மற்றதற்கு வரவில்லை. அடுத்து, ஒரு மிட்டாயைக் காட்டி, 15 நிமிடம் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்றார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் சுமார் 3 நிமிடம். பொறுமை பிள்ளையின் சுபாவத்தில் மட்டும் இல்லை, எதிரில் இருப்பவரின் சொல்லிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. "என் பிள்ளைக்குச் சேமிக்கவே தெரியவில்லை" என்று குறைப்படுபவர்கள், கடைசி நான்கு வாரப் பணத்தை எந்தெந்த நாளில் கொடுத்தோம் என்று முதலில் எண்ணிப் பார்க்கலாம்.

இதே காரணத்தால், குறும்பு செய்ததற்குப் பாக்கெட் மணியை நிறுத்தாதீர்கள். பொருளை உடைத்தால் அதன் விலையில் ஒரு பங்கை ஏற்கச் சொல்லலாம், அதில் தொடர்பு இருக்கிறது. தம்பியை அடித்ததற்குப் பணத்தைப் பிடிப்பதில் எந்தத் தொடர்பும் இல்லை.

மூன்று கண்ணாடிக் குப்பிகள்

மூடிய உண்டியல் பார்க்க அழகு, பழக்குவதற்கு உதவாது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது, எண்ண முடியாது, ஒருமுறை உடைத்தால் கதை முடிந்தது. வாய் அகன்ற, ஒளி ஊடுருவும் குப்பிகள் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டாம், பிளாஸ்டிக் போதும். "செலவு", "சேமிப்பு", "பிறருக்கு" என்று பிள்ளையே எழுதி ஒட்டட்டும். 6 வயதுக்குக் கீழ் இருந்தால் முதல் இரண்டோடு தொடங்குங்கள். மூன்றாவது பிறகு வரட்டும்.

பங்கீடு 50, 40, 10 என்பது வசதியான தொடக்கம். 100 வந்தால் ஐந்து நாணயம் செலவுக்கு, நான்கு சேமிப்புக்கு, ஒன்று பிறருக்கு. பணம் கைக்கு வந்த அதே நிமிடம் பிரித்துப் போட வேண்டும். செலவு போக மிச்சத்தைச் சேமிக்கலாம் என்றால் மிச்சமே இராது. சில மாதம் கழித்து விகிதத்தைப் பிள்ளை மாற்றிக்கொள்ளலாம். சேமிப்பு 20-க்குக் கீழே போகக் கூடாது என்ற ஒரே வரம்பு போதும்.

"பிறருக்கு" குப்பியில் உள்ளதை யாருக்குக் கொடுப்பது என்பதும் பிள்ளையின் தேர்வுதான். நண்பனின் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்கலாம், தெருநாய்க்கு பிஸ்கட் போடலாம். பெரியவர்கள் நல்ல காரியம் என்று நினைப்பதற்கே கொடுக்க வைத்தால் அது வரி கட்டுவதுபோல் ஆகிவிடும்.

முதல் இலக்கு

"சேமித்து வை, பின்னால் உதவும்" என்பது 7 வயதுக் காதில் ஏறாது. பின்னால் என்றால் எப்போது? பொருள் ஒன்று வேண்டும். அதன் படம், விலை, எத்தனை வாரம் என்ற மூன்றும் சேமிப்புக் குப்பியில் ஒட்டியிருக்க வேண்டும். வாரம் 40 சேர்கிறது, பொருள் 120 என்றால் மூன்று கட்டங்கள் வரைந்து வாரம் ஒன்றாக வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். முதல் இலக்கு மூன்று நான்கு வாரத்தைத் தாண்டக் கூடாது. அது நிறைவேறிய பிறகு ஆறு முதல் எட்டு வாரம், பிறகுதான் மாதக்கணக்கு. எடுத்த எடுப்பில் சைக்கிளுக்குச் சேர்க்கச் சொல்வதே சேமிப்பை வெறுக்க வைப்பதற்கான குறுக்குவழி.

நடுவில் மனம் மாறினால் மாறட்டும். நான்காம் வாரத்தில் "எனக்கு இது வேண்டாம், அது வேண்டும்" என்றால் படத்தை மாற்றி ஒட்டி, மீதி வாரத்தைப் புதிதாகக் கணக்கிடச் சொன்னால் போதும்.

ஒன்றை மட்டும் தவிருங்கள். கடைசி இரண்டு வாரம் பிள்ளை முகம் வாடுவதைப் பார்த்து, மீதியை நீங்களே போட்டு வாங்கிக் கொடுப்பது. அடுத்த இலக்கில் பிள்ளை பாதி சேர்த்ததும் உங்கள் முகத்தைப் பார்க்கும். உதவ விருப்பமானால் முதல் நாளே அறிவியுங்கள்: "நீ சேர்க்கும் ஒவ்வொரு 100-க்கும் நான் 25 போடுவேன்." சொன்னதற்கு மேல் ஒரு காசும் கூடாது.

வீண் செலவு

இரண்டே நாளில் உடையும் பொம்மையைப் பிள்ளை வாங்கத்தான் போகிறது. வாங்கட்டும். இந்த வயதில் ஏமாற்றத்தின் விலை ஒரு வாரப் பணம். தடை வேண்டுமானால் முன்பே சொல்லிவிட வேண்டும்: உடம்புக்கு ஆபத்தானது, பிறரைத் துன்புறுத்துவது, வீட்டில் ஏற்கெனவே கூடாது என்றிருப்பது. இந்த மூன்றைத் தவிர வேறு எதற்கும் கடையில் நின்று "இது எதற்கு?" என்று கேட்கக் கூடாது. பெரிய தொகைக்கு ஒரு விதி வைக்கலாம்: ஒரு வாரப் பணத்துக்கு மேல் விலை உள்ள எதையும் பார்த்த அன்றே வாங்குவதில்லை, ஒரு நாள் கழித்துத்தான். மறுநாள் பாதி ஆசைகள் மறந்துபோயிருக்கும்.

பொம்மை உடைந்து அழும்போது "அப்போதே சொன்னேனே" வேண்டாம். அன்று மாலை, சாதாரணமாக, "இதே பணத்தில் இன்னொரு முறை வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவாய்?" என்று ஒரு கேள்வி. பதில் வராவிட்டாலும் விட்டுவிடுங்கள். புதிதாக வாங்கிக் கொடுக்காமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி; பெற்றோரைவிடத் தாத்தா பாட்டிக்கு இன்னும் கடினம். அவர்களிடமும் முன்பே பேசிவையுங்கள்.

பணம் தொலைந்தாலும் அதுவே. வெளியே கொண்டுபோகும் தொகையை அன்றைய தேவைக்கு மட்டும் என்று வைத்தால் தொலைவதும் குறையும்.

வீட்டு வேலைக்கும் மதிப்பெண்ணுக்கும் கூலியா?

இங்கே கருத்து வேறுபாடு உண்டு. நடைமுறையில் குழப்பம் குறைவானது இது: தன் படுக்கையை மடிப்பது, தட்டைக் கழுவுவது, பையை எடுத்துவைப்பது ஆகியவற்றுக்குக் காசு கிடையாது. அவை வீட்டில் வாழ்பவர் எல்லோரும் செய்வது. காசு கொடுத்துப் பழக்கினால், காசு வேண்டாத வாரத்தில் தட்டு அப்படியே கிடக்கும். பிள்ளையின் தர்க்கத்திலும் பிழை சொல்ல முடியாது.

மதிப்பெண்ணுக்கும் புத்தகம் படிப்பதற்கும் காசு பேசாதீர்கள். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையரிடம் செய்த சோதனை பெயர்பெற்றது. வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு பரிசில்லாத நாட்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். தானாக நடப்பதற்குக் கூலி வைத்தால் அது கூலிக்காக நடப்பதாகிவிடுகிறது.

கூடுதலாகச் சம்பாதிக்க வழி வேண்டுமென்றால், வெளி ஆளைக் கூப்பிட்டால் நாம் காசு கொடுக்கும் வேலைகளைத் தனியே எழுதி ஒட்டுங்கள்: வண்டி கழுவுதல், பழைய செய்தித்தாளைக் கட்டி அடுக்குதல் போன்றவை. ஒவ்வொன்றுக்கும் என்ன கூலி, எப்படி இருந்தால் வேலை முடிந்ததாகக் கொள்வது என்ற இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவதை எழுத மறப்பவர்கள்தான் அதிகம். சண்டை அங்கேதான் தொடங்கும்.

கணக்கு நோட்டு

எட்டு வயதிலிருந்து ஒரு சிறிய நோட்டு. நான்கு பத்தி: தேதி, விவரம், வரவு அல்லது செலவு, மீதி. மாதிரிக்கு: திங்கள், வாரப் பணம், வரவு 100, மீதி 160. புதன், ஸ்டிக்கர், செலவு 30, மீதி 130. வாரத்துக்கு ஒருமுறை, பணம் கொடுக்கும் நேரத்திலேயே, குப்பியில் உள்ளதை எண்ணி நோட்டோடு ஒப்பிட வேண்டும். பத்து நிமிடம் போதும்.

கணக்கு உதைக்கத்தான் செய்யும். 130 இருக்க வேண்டிய இடத்தில் 115 இருக்கும். துருவித் துருவி விசாரித்தால் பிள்ளை அடுத்த வாரம் நோட்டைத் "தொலைத்துவிடும்". "கணக்கில் வராதது 15" என்று ஒரு வரி எழுதி, மீதியைத் திருத்திவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். நான்கு வாரம் அந்த வரி திரும்பத் திரும்ப வந்தால் அதுவே கண்ணை உறுத்தும். மாதக் கடைசியில் செலவுகளைத் தின்பண்டம், விளையாட்டு, பரிசு என்று வகைபிரித்துக் கூட்டினால் பிள்ளை அதிர்ச்சியடைவது பெரும்பாலும் முதல் வகையில்தான்.

வட்டியும் கடனும்

ஒன்பது பத்து வயதில் சதவீதம் படிக்கத் தொடங்கும்போது வீட்டு வங்கி திறக்கலாம். உண்மையான வங்கியின் ஆண்டு வட்டி பிள்ளைக் கண்ணுக்குப் புலப்படாது. அதனால் வீட்டில் மாதம் 5 சதவீதம் கொடுங்கள். 400 போட்டுவைத்தால் முதல் மாத வட்டி 20. எடுக்காமல் விட்டால் இரண்டாம் மாத வட்டி 21. கூடுதலாக வந்த அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கூட்டு வட்டிக்கு வேறு பாடம் தேவையில்லை. கைதொடாமல் 12 மாதம் இருந்தால் அந்த 400, ஏறத்தாழ 718 ஆகும். எத்தனை மாதத்தில் பணம் இரட்டிக்கும் என்று தெரிய 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் போதும். 5 சதவீதத்துக்குச் சுமார் 14 மாதம்.

முதல் நாளே உச்சவரம்பு சொல்லிவிடுங்கள், பத்து வாரப் பணம் வரைதான் வட்டி என்று. உறவினர் கொடுத்த பெரிய தொகையைக் கெட்டிக்காரப் பிள்ளை கொண்டுவந்து போட்டால் உங்கள் பாடு திண்டாட்டம். வரம்புக்கு மேல் சேர்ந்ததைப் பிள்ளை பெயரில் உண்மையான சேமிப்புக் கணக்குக்கு மாற்றும் நேரம் அது. வங்கிக்குப் பிள்ளையையும் அழைத்துப்போய், படிவத்தில் என்ன எழுதுகிறோம் என்று காட்டுங்கள்.

கடன் கேட்டால் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எழுத்தில் இருக்கட்டும்: இரண்டு வாரப் பணத்துக்கு மேல் இல்லை, ஒரு சமயத்தில் ஒரு கடன்தான், வாரத் தவணை வாரப் பணத்தில் பாதியோடு சற்றே கூடலாம். 200 வாங்கினால் வாரம் 55 வீதம் நான்கு வாரம், மொத்தம் 220. அந்த 20 எதற்கு என்று பிள்ளை கேட்கும். காத்திருக்காததற்கான விலை என்று சொல்லலாம். பொருளின் மீதான ஆசை இரண்டாம் வாரமே தீர்ந்திருக்கும், தவணை இன்னும் இரண்டு வாரம் ஓடும். கடனைப் பாதியில் தள்ளுபடி செய்யாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. அவசரத்துக்குப் பிள்ளையின் குப்பியிலிருந்து சில்லறை எடுக்காத பெற்றோர் அரிது. கேட்டு எடுங்கள், நோட்டில் எழுதுங்கள், சொன்ன நாளில் வட்டியோடு திருப்பிக் கொடுங்கள்.

திரையில் செலவாகும் பணம்

கைப்பணம் குறைவது கண்ணுக்குத் தெரியும். கார்டிலும் செல்போனிலும் தெரியாது. ஆகவே நாணயத்தில் ஓராண்டாவது பழகிய பிறகே திரைக்கு வரட்டும். செயலியில் பிள்ளைக்குப் பணம் போட்டாலும் கணக்கு நோட்டு தொடர வேண்டும்.

விளையாட்டுச் செயலிகளில் தனிக் கவனம் வேண்டும். அவை உண்மையான பணத்தை முதலில் வைரமாகவோ காசாகவோ மாற்றிவிட்டுத்தான் பொருளின் விலையைச் சொல்லும். 800 வைரம் என்றால் எவ்வளவு என்று பிள்ளைக்குப் புரியாது. புரியக் கூடாது என்பதே ஏற்பாடு. வைரம் விற்கப்படும் கட்டுகளும் பொருளின் விலையும் பெரும்பாலும் பொருந்தாது. எப்போதும் கொஞ்சம் மீதி நிற்கும், அதைத் தீர்க்க இன்னொரு கட்டு வாங்கத் தோன்றும். எதை வாங்கும் முன்னும் அதன் விலையைச் சொந்தப் பணத்தில் நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று விதி வையுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி போனில் அமைத்துவிடுங்கள். "முதல் மாதம் இலவசம்" என்று வரும் சந்தாக்கள் எந்தத் தேதியில் பணம் பிடிக்கும் என்பதை நாட்காட்டியில் குறித்து, அதற்கு இரண்டு நாள் முன்பே ரத்துசெய்யப் பழக்குங்கள்.

வாரத்திலிருந்து மாதத்துக்கு

வாரக் கணக்கு ஆறு மாதம் சீராக ஓடினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 12 அல்லது 13 வயதில் மாதம் ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டுங்கள். இப்போது சுவரில் உள்ள பட்டியலும் மாறும். போன் ரீசார்ஜ், நண்பர்களோடு வெளியே போகும் செலவு, பிறகு துணி என்று ஒவ்வொன்றாகப் பிள்ளையின் பக்கம் தள்ளி, அதற்குரிய தொகையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பொறுப்பை மாற்றிவிட்டுப் பணத்தை மாற்றாமல் இருந்தால் அது ஏமாற்று.

முதல் மாதம் 12-ஆம் தேதியே பணம் தீர்ந்துவிடும் என்று எதிர்பாருங்கள். அப்போது முன்பணம் கேட்டால், உணவுக்கும் பயணத்துக்கும் மட்டும் கைகொடுத்து, மற்றதற்கு மாதம் முடியும்வரை காத்திருக்கச் சொல்லலாம். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து இப்படியே ஆனால் பிள்ளையோடு உட்கார்ந்து நோட்டைப் பாருங்கள். செலவு முதல் ஐந்து நாளில் குவிந்திருந்தால் மாதப் பணத்தை நான்கு உறைகளில் பிரித்து, வாரம் ஒன்றாகப் பிள்ளையே எடுத்துக்கொள்ளட்டும். மாதம் முழுக்கச் சீராகச் செலவாகியும் பற்றவில்லை என்றால் தொகையே போதவில்லை என்று பொருள். எவ்வளவு கூட வேண்டும், ஏன் என்று நோட்டைக் காட்டிக் கேட்கும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள்.